மூலை முடிச்சு

வெயிலில் போட்டிருந்த துண்டுத்துணிப் போர்வையை வேலியால் எட்டிப் பார்த்த சுகிர்தாவின் கண் அகன்றது.

“என்ன வடிவு கா, தனுஷா! இந்த மூலையை எப்பிடி மடிச்ச நீ? ஒருக்காச் சொல்லித் தா.”

தனுஷா போர்வையின் மூலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “இரு, ஊசி எடுத்திட்டு வாறன்” என்று உள்ளே ஓடினாள்.

உள்ளே அவள் புருசன் உதயரூபன், வலை பின்னும் கையால் அடுத்த போர்வையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

“கெதியாச் சொல்லுங்க, மூலையை எப்பிடி மடிக்கிற?”

“மடிச்சிட்டு, வலைக்குப் போடுற முடிச்சைப் போடோணும். ஆனா தைக்கிறது நானெண்டு சொல்லிராத. சுகிர்தாட புருசன் அறிஞ்சா தோணியில வெச்சுச் சிரிச்சே என்னைக் கொன்றுபோடுவான்.”

தனுஷா வெளியே வந்து, தன் கைவேலை போலவே ஒப்பித்தாள்.

சுகிர்தா சந்தோசத்தில் தன்னையே மறந்தாள். தன் வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளே இருந்த புருசனுக்கு ஊருக்கே கேட்கக் கத்தினாள்:

“இஞ்சேருங்க! வலை முடிச்சுத்தானாம்! பிரிச்ச மூலையை எடுத்துத் திரும்பத் தைங்க!”