படலுக்குப் பின்னால்

பாறைக்குப் பக்கத்தில் கேமராவை நிறுத்தியாகிவிட்டது. காஸ்ட்யூமர் ராஜாக்கண்ணு நடிகைகளை இன்னொரு முறை சுற்றிவந்து பார்த்தான்.

நடிகைகளைக் குறை சொல்ல முடியாது. மெட்ராஸிலிருந்து வேனில் வந்தவர்கள் என்று சூடமேற்றிச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். வெளுத்துப்போன சேலை, தோளில் ஒட்டு, முந்தானையில் புளிக்கறை.

போன படத்தில் களையெடுக்கும் பெண்ணுக்கு மடிப்புக் கலையாத சேலை கட்டிவிட்டு, ஊரெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். இந்தத் தடவையும் துணியில் பட்டணத்து வாசனை அடித்தால் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறிவிட வேண்டியதுதான், கம்பெனிப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று டைரக்டர் சொல்லியிருந்தார்.

டீத்தூள் போட்டு வேகவைத்துப் பார்த்தான். கல்லில் தேய்த்துப் பார்த்தான். புதுத்துணி கிழிந்ததே தவிர பழசாகவில்லை.

கடைசியில்தான் அந்த யோசனை வந்தது. திருப்பத்தூரில் புதுச் சேலைகளை மூட்டையாக வாங்கி, மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப்பில் ஏற்றி வந்தான். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை வாங்கிக்கொள்ளலாம் என்று ஊருக்குள் சொல்லி அனுப்பினான்.

மறுநாள் காலை மார்கழிக் குளிரில் வீடு வீடாகப் போனான். வாசலை மறைத்த மூங்கில் படலுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீளும். புதுசை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். இவன் வெளியே நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகுதான் படல் இடுக்கு வழியாகப் பழசு வரும்.

கையிலே காசு, வாயிலே தோசை. மலைக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை என்று சிரித்துக்கொண்டான்.

வாங்கிய சேலையெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்போரம் போட்டு வைத்திருப்பார்கள். விறைத்த விரல்களுக்கு இதமாக, மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தான்.

இன்றைக்கு நடிகைகளுக்குப் பின்னால் நிற்க ஊர்ப் பெண்கள் வேண்டும். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்கள். அத்தனை பேரும் அவன் கொடுத்த புதுச் சேலையில், மஞ்சளும் ஊதாவுமாக, மொடமொடப்புக் கலையாமல்.

படம் பிடிக்கிறார்கள் என்றால் யார்தான் பழசில் வருவார்கள்? இதை யோசிக்காமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டான். டைரக்டர் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

ஓடிப்போய், முன்னால் நின்ற மணியம்மாளிடம் கெஞ்சினான். வீட்டுக்குப் போய் இதை அவிழ்த்து வைத்துவிட்டு, வேறு பழசு ஏதாவது கட்டிக்கொண்டு வந்தால் போதும்.

மணியம்மாள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள்.

"வேற இன்னா இருக்குதுங்க? கட்டினு இருந்ததத்தான அவுத்து உங்ககிட்ட குடுத்தோம்."

சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

ராஜாக்கண்ணு தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். அன்றைய வெதுவெதுப்பு அடுப்புச் சூடு இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

டைரக்டரிடம் திரும்பி நடந்தான். மாற்றச் சொன்னாயா என்று அவர் கேட்டார்.

சொன்னது தப்பு, இனிமேல் சொல்லமாட்டேன் என்றான்.

பிறகு வேன் டிரைவரிடம் போய், திருப்பத்தூருக்கு அடுத்த பஸ் எப்போது என்று விசாரித்தான்.