கல்வத்தில் கிடக்கும் மருந்து

கல்லூரி ஆய்வகத்துக் குப்பிகளில் பட்ட மதிய வெயிலில் கண் கூசுகிறது. முப்பத்தெட்டு வயதில் முதலாண்டு சேர்ந்த பாண்டிச்செல்வியின் முன்னால் பீங்கான் கல்வம். அதில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றும் ஒன்றாய்க் கிடக்கின்றன. பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருடம் மருந்து அடைத்த அவள் விரல்கள் குழவியைத் தொடவில்லை. “அரைம்மா. வயசானா காதும் கேக்காதோ?” என்கிறார் அவளைவிட இளைய விரிவுரையாளர். பையன்கள் சிரிக்கிறார்கள். “சேத்து அரைச்சா பத்திக்கிடும் சார். தனித்தனியாத்தான் அரைக்கணும்” என்கிறாள். “இது காலேஜு. உங்க கம்பெனி இல்ல.” அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். “அங்கனயா இருந்தா உங்கள உள்ளயே விட்டிருக்க மாட்டாக.” சிரிப்பு நிற்கிறது. குழவியை அவர் பக்கம் மெல்ல நகர்த்திவிட்டு வாசலுக்குப் போகிறாள். “நீங்களே அரைங்க சார். நான் இங்கன நிக்கேன்.” ஸ்டூல்கள் ஒவ்வொன்றாய் நகர்கின்றன. வகுப்பு முழுவதும் அவள் பின்னால் வந்து நிற்கிறது. குழவியை நோக்கி அவர் கை நீளவில்லை.