கொழுக்கட்டைக்குக் காவல்

"திரைக்குள்ள மெல்லுற சத்தம் கேட்டுதாம். எட்டிப் பாக்க வேணாமா? பிள்ளையாரே சாப்பிடுறாருன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு, விழுந்து கும்புட்டுட்டு வந்து சொல்றான் உங்க காவக்காரன்" என்றாள் வீராயி.

குருமூர்த்தி துண்டால் விசிறிக்கொண்டார். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர்கள் சேர்ந்து கட்டிய அந்தப் பிள்ளையார் கோயிலுக்கு அவர்தான் தர்மகர்த்தா. மாதாமாதம் சங்கடஹர சதுர்த்திக்கு வீராயிதான் கொழுக்கட்டை செய்வாள். சாயங்காலம் தூக்குவாளியில் கொண்டுவந்து பிள்ளையார் முன்னால் வைத்துத் திரையைப் போட்டுவிட்டால், நிலா வந்து பூசை ஆரம்பிக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. அது அங்கே வழக்கம். கொஞ்ச காலமாகத் திரையை விலக்கும்போது தூக்கில் பாதிதான் இருக்கிறது. வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளைகள் வெறுங்கையோடு போகிறார்கள்.

"நாளைக்குச் சதுர்த்தி. சரியான ஆளைக் காவலுக்குப் போட்டா மாவு இடிக்கிறேன். இல்லன்னா இதோட சரி. இனிமே நான் கை வைக்க மாட்டேன்."

வீராயி சொன்னால் சொன்னதுதான். அவள் நிறுத்திவிட்டால் அந்தப் பக்குவம் வேறு யாருக்கு வரும்?

"பக்தி இருக்குறவன் கும்புட்டுக்கிட்டு நின்னுடுறான். பக்கத்துப் பட்டறை ஷபியுல்லா பாயைக் கேட்டேன். அந்த நேரத்துல எனக்கே தொழுகை இருக்குதேம்மான்னுட்டாரு. அதான் சாமி இல்லன்னு சொல்ற ஆளுங்களா ரெண்டு பேரைக் கூட்டியாந்திருக்கேன். ஒருத்தரை எடுத்துக்குங்க" என்றாள் வீராயி.

இரண்டு பேரும் வந்து நின்றார்கள். கறுப்புச் சட்டைக்காரன் தங்கதுரை. அச்சில் களிமண் குழம்பு ஊற்றிப் பொம்மை எடுக்கிறவன். மற்றவன் இனியவன், சூளை அடுக்குகிறவன். அவன் சட்டைப் பொத்தான்கள் ஒரு ஓட்டை தள்ளித் தள்ளிப் போட்டிருந்தன.

"சாமி இருக்குதா?" என்றார் குருமூர்த்தி.

"இல்லிங்க" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

"சரி. திரைக்குள்ள சத்தம் கேட்டா என்ன செய்வீங்க?"

"செல்லுல லைட் அடிச்சுப் பாப்பேங்க" என்றான் தங்கதுரை. "பிள்ளையார் தின்னுருக்க மாட்டாரு. அவரை ஊத்துனதே நான்தான். வாய் தொறக்காது. வயிறும் உள்ள காலி. அப்ப யாரோ ஒரு மனுஷன்தான் திங்குறான். கையைப் புடிச்சுடுவேன்."

"நீ?"

"எல்லாமே உள்ள காலிதாங்க" என்றான் இனியவன்.

வீராயிக்குப் பொறுக்கவில்லை. "என் கொழுக்கட்டையுமா? உள்ள பூரணம் வெச்சிருக்கேன்டா."

"பூரணத்துக்கு உள்ள என்னங்க்கா இருக்குது?"

வீராயி தலையில் அடித்துக்கொண்டாள்.

குருமூர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "திருடன் உன் கண்ணெதிர்ல தின்னுக்கிட்டே வந்தா?"

"வழி விடுவேங்க."

"ஏன்?"

"திருடன் தின்னாலும் பிள்ளைங்க தின்னாலும் காலையில எல்லாம் ஒண்ணுதானுங்களே."

"ஐயா, என்னை இவன்கூட சேக்காதீங்க" என்று குறுக்கே வந்தான் தங்கதுரை. "நான் சாமி இல்லன்னுதான் சொல்றேன். இவன் எதுவுமே இல்லன்றான்."

"அண்ணன் இன்னும் கொஞ்சம் நம்புறாரு. பாவம்" என்றான் இனியவன், நிஜமான இரக்கத்தோடு.

"நான் ஒண்ணு கேக்குறேன் தங்கதுரை" என்றார் குருமூர்த்தி. "உனக்குத்தான் சாமியே இல்லியே. கொழுக்கட்டை யார் வயித்துக்குப் போனா உனக்கென்ன?"

"சாமி இல்லிங்க. வீராயி அக்கா இருக்காங்க. இடிச்சு இடிச்சு அவங்க கை காச்சிருக்குது. கடைசியில நிக்கிற பிள்ளைங்க இருக்குதுங்க. சாமின்னு ஒருத்தர் இருந்தா, அவரு பாத்துக்குவாருன்னு நானும் வூட்டுல படுத்துடுவேன். இல்லியே. அப்ப நாமதானே பாக்கணும்?"

வீராயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இவன் உட்கார்ந்தால் கோயிலுக்குள் ஈகூட நுழையாது என்று குருமூர்த்திக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று.

இனியவன் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காவலுக்கு வருவியா?"

"வந்தா வரேங்க. வந்தா என்ன, வராட்டி என்ன."

"அப்ப இனியவனே இருக்கட்டும்" என்றார் குருமூர்த்தி.

வீராயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அவன் உக்கார ஸ்டூல் போடுவீங்கல்ல? அந்த ஸ்டூலை மட்டும் காவலுக்கு வெச்சா போதுங்களே."

"சாமி இல்லன்னு அடிச்சுப் பேசுறவனைக் கோயில் வாசல்ல உக்கார வெச்சா நாலு பேரு என்ன பேசுவாங்க? இவன் பேச்சுல அந்த அழுத்தம் இல்ல பாரு. நீ கேட்ட மாதிரி சாமி இல்லன்ற ஆளைப் போட்டாச்சு. போய் மாவை இடி."

கொடுத்த வாக்கு அவள் வாயைக் கட்டிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே போனாள். "கண்ணையாவது தொறந்து வெச்சிருடா" என்று இனியவனிடம் கெஞ்சிக்கொண்டே தங்கதுரையும் போனான்.

எல்லாரும் போனபிறகு குருமூர்த்தி இடுப்பில் இருந்த பின்கதவுச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சர்க்கரை வியாதி என்று வீட்டில் வெல்லத்தைக் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. நாளையிலிருந்து திரைக்குள் உட்கார்ந்து மெல்லும்போது, சத்தம் வெளியே கேட்குமே என்று அவர் பயப்பட வேண்டியதில்லை.