எட்டிப் பார்த்த கண்ணாடி

ஒரே ஒரு பெட்டிக்குள்ளே, கடுகைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்ததாம். ஒரு ஒளியிழையில் செய்தியைச் சுமந்து வரும் வெளிச்சத்தை வாங்கி, வேறோர் இழைக்குத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. அனுப்பிய கையோடு, பிள்ளை பத்திரமாகப் போகிறதா என்று லேசாக ஆடிச் சாய்ந்து எட்டிப் பார்த்துவிடும்.

பெட்டியை வடிவமைத்த பரிமளாவுக்கு முகம் வாடிப்போயிற்று. "இப்பவும் பாதிச் செய்திதான் போய்ச் சேர்ந்திருக்கு. இன்னொரு தடவை ஆடினா, இந்தக் கண்ணாடியைக் கழற்றிட வேண்டியதுதான்."

அடுத்த வெளிச்சம் வந்தது. "அத்தை, நீ எட்டிப் பார்த்ததுல எனக்கு முன்னாடி போன எங்க அண்ணனோட வால் வழியிலேயே சிந்திப்போச்சு. என் தலை தாண்டினாலும் உடம்பு உன்மேலதான் வந்துட்டிருக்கும்."

"நீ எங்கேயாவது தொலைஞ்சிட்டா?"

"அசையாம இரு. போய்ச் சேர்ந்ததும் சொல்லி அனுப்புறேன்."

கண்ணாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெளிச்சம் வால் வரைக்கும் கடந்து போனது. கொஞ்சம் பொறுத்து, எதிர்முனையிலிருந்து ஒரு மினுக்கல் வந்தது. "சேர்ந்துட்டேன் அத்தை."

முழுச் செய்தியும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பரிமளா சிரித்துக்கொண்டே மூடியை மூடி, பெட்டியைத் தட்டிக்கொடுத்தாள். "போயிட்டு வரேன்."

அவள் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டித் தேய்ந்தது. கண்ணாடி எட்டிப் பார்க்கவில்லை.