அஞ்சு மணி விசில்

நாலாவது கடையில் ஆராயியின் கையில் அடுப்பூதும் இரும்புக் குழலைக் கொடுத்தார்கள்.

தப்பு அவளுடையதுதான். முதல் மூன்று கடைகளில் விசில் என்று கேட்டாள். பிளாஸ்டிக் விசிலையும் கண்டக்டர் விசிலையும் எடுத்துப் போட்டார்கள். இந்தக் கடையில் பி.ஏ. படித்த வாய், “ஊதுகுழல் இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டது. சேலம் சின்னக்கடை வீதியில் ஒரு பெண் ஊதுகுழல் கேட்டால் அது அடுப்புக்குத்தான். வேறெதற்கு?

“இது ஊட்லயே இருக்குதுங்க. நான் கேக்கறது மூங்கில் விசிலு. ரெண்டு குழலைச் சேத்துக் கட்டியிருக்கும்.”

“அந்தச் சந்துல திருவிழாச் சாமான் விக்கிற கடை ஒண்ணு இருக்குது, போய்ப் பாரு கண்ணு,” என்றார் கடைக்காரர்.

பின்னால் நின்ற அவள் அம்மா குப்பாயி, “போதுஞ்சாமி, பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றாள்.

இருவரும் மலைமேல் இருக்கும் செம்மநத்தத்திலிருந்து இறங்கி வந்தது ஆராயியின் பட்டச் சான்றிதழை வாங்க. எண்பத்து மூன்றாம் வருஷத்தில் அந்த ஊருக்கே அதுதான் முதல் பட்டம். கல்லூரி ஆபீஸில் பத்து நிமிஷ வேலை. மீதிப் பகலை விசில் கடை தேடுவதற்கென்றே ஆராயி ஒதுக்கி வைத்திருந்தாள். அதை அம்மாவிடம் பஸ் அடிவாரம் தாண்டிய பிறகுதான் சொன்னாள்.

குப்பாயி காப்பிப் பழம் பறிக்கும் எஸ்டேட்டில் வேலை சாயங்காலம் அஞ்சு மணி வரை. நாற்பது பெண்களில் ஒருத்தியிடமும் கடிகாரம் கிடையாது. வேலை வாங்கும் மேஸ்திரி பெரியநாயகம் மூங்கில் விசிலை ஊதினால்தான் அஞ்சு. அவர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, துப்பிவிட்டு, அஞ்சரைக்கு ஊதுவார். பனி இறங்கிய நாளில் சூரியனும் சாட்சிக்கு வராது.

ஆராயி மனு எழுதினாள். ஒன்றல்ல, மூன்று. மூன்றாவதை இங்கிலீஷில் எழுதினாள். “எழுத்து முத்து முத்தா இருக்குது கண்ணு,” என்று பாராட்டிய, கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் அதை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். இனி எழுத்து வேண்டாம். அதே சத்தம், எதிர்ச் சரிவிலிருந்து, தன் கைக்கடிகாரத்தில் சரியாக அஞ்சுக்கு அவளே ஊதுவாள். நாற்பது பேரும் எடை போடும் இடத்துக்கு இறங்கிவிட்டால் திரும்ப மலையேற்ற எந்த மேஸ்திரியாலும் ஆகாது.

அதே சத்தமாக இருக்க வேண்டும், அதுதான் சிக்கல். எஸ்டேட் விசில் ஊர்வரை எட்டாது; சின்ன வயசில் அம்மாவோடு போய்க் கேட்டது, மூன்று வருஷ ஹாஸ்டலில் அவள் காதிலிருந்து தேய்ந்து போயிருந்தது. தப்பான விசிலை ஊதினால் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். மேஸ்திரி உஷாராகிவிடுவார். முதலில் வேலை போவது குப்பாயிக்கு.

சந்துக் கடையில் கூடை நிறையக் கிடந்தன மூங்கில் விசில்கள். தடித்தது, சன்னமானது, குட்டை, நெட்டை. ஆராயிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒன்றை எடுத்து ஊதினாள்.

“இதாம்மா?”

“எனக்குத் தெரியாது சாமி.”

இன்னொன்று. “இது?”

“தெரியாதுங்கறேன்ல.”

“ஏங்கண்ணு, விசிலடிக்கறது ஆம்பளப் பசங்க சோலியல்ல?” என்றார் கடைக்காரர்.

“ஆம்பள வாயா பொம்பள வாயான்னு விசிலு பாக்காதுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

எட்டு. ஒன்பது. குப்பாயி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினேழு வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் காத்துக் கிடந்தவளுக்கா தெரியாது? எல்லாம் பயம். ஆராயிக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. வந்த கோபம் முழுவதையும் பத்தாவது விசிலில் ஊதினாள்.

குப்பாயியின் இரண்டு கைகளும் இடுப்புக்குப் பின்னால் போயின.

பழம் பறிக்கிறவர்கள் இடுப்பில் சாக்கைக் கட்டி அதில்தான் பறித்துப் போடுவார்கள். விசில் கேட்டதும் முதல் வேலை அந்த முடிச்சை அவிழ்ப்பது. இன்றைக்குக் குப்பாயி கட்டியிருந்தது, மகளின் பட்டத்துக்காகப் பெட்டியிலிருந்து எடுத்த சுங்குடிச் சேலை. சாக்கும் இல்லை, முடிச்சும் இல்லை. விரல்கள் பாட்டுக்கு அவிழ்த்தன. முதுகு தானாக நிமிர்ந்தது. உஸ்ஸென்று ஒரு மூச்சு இறங்கியது.

பிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள். அப்புறம் மகளைப் பார்த்தாள்.

“இதையே குடுங்க!”

ஆராயி போட்ட சத்தத்தில் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். காலையில் சான்றிதழைக் கையில் வாங்கியபோதுகூட அவளுக்கு நெஞ்சு இப்படி விரியவில்லை.

குப்பாயி விசிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேண்டாமென்று கூடையிலேயே போட்டுவிடுவாளோ என்று ஆராயி ஒரு கணம் பயந்தாள்.

அம்மா அதை முந்தானையில் துடைத்தாள். வாயில் வைத்தாள். சந்தே திரும்பிப் பார்க்க ஊதினாள்.

“ஏங்கண்ணு,” என்றாள் மூச்சு வாங்க. “அஞ்சு மணிக்கு எதுக்கு? நாலரைக்கே ஊதிப்போடலாம்.”