பதினேழாம் எண் கலயம்

சிவப்புத் துணியால் வாய் கட்டிய மண்கலயத்தைச் சசிகலா ஆற்றில் விட்டபோது, எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்திருந்த சேலத்துக்காரர் ஒருவர் எழுந்து நின்று கைகூப்பினார். யார் தவறினது என்று மெல்லக் கேட்டார். யாரும் தவறவில்லை, இது ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு அவள் நோட்டில் நேரம் குறித்துக்கொண்டாள்.

ஒகேனக்கல் படித்துறைக்கு மேலே, எண்ணெய்க் கடையில் நின்றிருந்த பச்சியப்பன் விரல் மடக்கி எண்ணினான். அது பதினேழாவது கலயம். இன்னும் பதின்மூன்று பாக்கி.

விஷயம் இதுதான். பூம்புகார் கடற்கரையில் தினமும் காலையில் குப்பை பொறுக்கி எண்ணும் குழு ஒன்று, செத்து ஒதுங்கிய ஆமைகளை அறுத்துப் பார்த்ததில் வயிற்றுக்குள் எண்ணெய்ப் பாக்கெட் கிடைத்தது. பாப்பாரப்பட்டியில் அடைத்து, ஒகேனக்கல்லில் மட்டும் விற்கிற பச்சைப் பாக்கெட். பச்சியப்பன் கடையில் அது சரம் சரமாகத் தொங்கியது.

குப்பை காவிரி வழியாகத்தான் போகிறதா என்று பார்க்க அந்தக் குழு சசிகலாவை அனுப்பியிருந்தது. பிளாஸ்டிக்கை அளக்கப் பிளாஸ்டிக்கையே ஆற்றில் விடக் கூடாதென்று மண்கலயம். மிதப்பதற்கு உள்ளே தக்கை, தூரத்திலேயே கண்ணில் பட சிவப்புத் துணி, பக்கவாட்டில் எண். ஒன்றே ஒன்று கடலைத் தொட்டாலும் பாக்கெட் விற்கும் கடைகளைப் படித்துறையிலிருந்து எடுத்துவிடுவதென்று அதிகாரிகள் கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள்.

“மேட்டூர் டேம் என்ன சல்லடையாங்க மேடம்? அதத் தாண்டி எப்படிங்க போவும்?” என்றான் பச்சியப்பன்.

“போகலைன்னா உங்களுக்கு நல்லதுதானேண்ணே. அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?”

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கர்நாடகாவில் மழை என்று செய்தி வந்தால் சோறு இறங்காது. அணை நிரம்பவே கூடாதென்று வேண்டிக்கொண்ட ஒரே தர்மபுரிக்காரன் அவனாகத்தான் இருக்கும்.

தங்கை பாஞ்சாலியை மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பு ஓரத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்டு அவளுக்குத் தினமும் போன் போட்டான். கலயத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அண்ணன் கடை போகப்போகிறது என்று தெரிந்தால் அழுது தீர்த்துவிடுவாள். ஆடி அமாவாசையை ஒட்டி மூன்று நாள் அவள் போனை எடுக்கவே இல்லை. கேட்டதற்கு, பக்கத்து வூட்டுக்காரர்களோடு கோயில் குளம் என்று போயிருந்ததாகச் சொன்னாள்.

அந்த வாரமே அணை நிரம்பி மதகைத் திறந்துவிட்டார்கள். பச்சியப்பன் டிவியை அணைத்துவிட்டுத் திண்டாடினான். படுத்தான், எழுந்தான், ஆற்றைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தான்.

ஐந்தாம் நாள் சசிகலா நேராகக் கடைக்கு வந்து செல்போனை நீட்டினாள். பூம்புகார் கரை. அலை நுரையில் பதினேழாம் எண் கலயம் கிடந்தது. இரண்டடி தள்ளி ஓர் ஆமை கவிழ்ந்து கிடந்தது. அதன் வாயோரம் ஒட்டியிருந்த பச்சையை யாரும் காட்டாமலே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

கடையை எப்போது எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். வெள்ளிக்கிழமைக்குள் என்றாள். பதினான்கு வருஷமாகத் தொங்கிய சரங்களை அன்றைக்கே அவன் கையாலேயே கத்தரித்து இறக்கினான்.

வியாழக்கிழமை டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளைக்கு உன் வூட்டில் போட்டு வைக்கிறேன் என்று பாஞ்சாலிக்குப் போன் செய்தவன், இனி மறைத்து என்ன என்று ஆமையில் தொடங்கி, விட்ட கலயங்களையும் அதில் ஒன்று கடலுக்குப் போய்ச் சேர்ந்ததையும் ஒன்று விடாமல் சொன்னான்.

அழுகிறாளோ என்று நினைத்தான்.

“பாஞ்சாலி, இருக்கியா?”

“துணி செவப்பாண்ணா?”

“ஆமா. ஏன்?”

“யாரோட சாம்பலோ, கடலுக்குப் போவ வழியில்லாம முள்ளுல சிக்கிக் கெடக்குதேனு, நான்தாண்ணா மடியில வெச்சு பஸ்சுல கொண்டுபோயி வுட்டேன்.”