தராசு நின்ற நேரம்

காலை நிறுவை பாதி நடக்கும்போதே அந்தோனி தராசை நிறுத்திவிட்டார்.

“பெக்கப் எடுக்கணும். கொஞ்சம் பொறுங்க” என்று வரிசையில் நின்ற பெண்களிடம் சொல்லிவிட்டு, கணினி இருந்த தோட்ட அலுவலகமான கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷிபானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினி வேலை தெரிந்த அவனைப் பதுளையிலிருந்து வரவழைத்ததே இதற்காகத்தான். லுணுகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பறித்த கொழுந்தைத் தராசில் வைத்தால் எடை நேராகக் கந்தோர்க் கணினியில் பதிவாகிவிடும். அதை நகலெடுக்கிறேன் என்று இந்த மனுஷன் தினமும் வேலையை முடக்குகிறார் என்று தோட்டத்தை நடத்தும் தொரை தொலைபேசியில் பொரிந்து தள்ளியிருந்தார்.

பின்னாலேயே உள்ளே போனான். அந்தோனி நாற்காலியில் சும்மா உட்கார்ந்து ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுப்புத்தான் என்று நினைத்துக்கொண்டான்.

“ஏன் அண்ணே நிப்பாட்டணும்? ஓடிட்டு இருக்கக்குள்ளயே எடுக்கலாமே.”

“பதிவு விழுந்துகிட்டு இருக்கையில எடுத்தா நகல் கெட்டுப்போயிரும் தம்பி. எனக்குத் தெரிஞ்சது இதுதான்.”

கோப்பை வெறுமனே பிரதி எடுத்தால் அவர் சொல்வது சரி. ஆனால் அது ஆதிகாலத்து முறை. இப்போதெல்லாம் கணினியே ஒரு கணத்து நிலையை அப்படியே பிடித்து அதிலிருந்து நகலெடுக்கும், அதற்குப் பிறகு விழும் பதிவுகளையும் உடனுக்குடன் பதுளையில் உள்ள இன்னொரு கணினிக்கு அனுப்பும். தோட்டத்துக் கணினி இடி விழுந்து கருகினாலும் ஒரு கிலோ தொலையாது. ஷிபான் பொறுமையாகத்தான் விளக்கினான். அந்தோனி தலையைத் தலையை ஆட்டிவிட்டு, நாளைக்கும் நிறுத்தத்தான் வேண்டும் என்றார்.

அதைத் தொரையிடம் அப்படியே சொன்னான். சாயங்காலத்துக்குள் அந்தோனிக்கு வேலை போய்விட்டது.

ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்றார். “கொஞ்ச நாளைக்காவது காலையில நிப்பாட்டி எடுங்க தம்பி” என்றார். கெஞ்சுவது போலத்தான் இருந்தது. இந்த வயதில் இனி எங்கே போய் வேலை தேடுவார் என்று ஷிபானுக்கு மனசு கேட்கவில்லை. அதற்காக வேலை தெரியாதவரை வைத்துக்கொண்டு மாரடிக்கவா முடியும்?

மறுநாள் காலையில் புதிய முறையை அமைக்க உட்கார்ந்தான். அமைக்க ஒன்றுமே இல்லை. நிறுத்தாமல் நகலெடுக்கும் ஏற்பாடு அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பதிவுகள் பதுளைக்கும் போய்க்கொண்டிருந்தன. ஒரு நகலைத் திரும்ப எடுத்துச் சரிபார்த்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் அமைத்தவர் அந்தோனி.

ஒன்றும் விளங்காமல் எழுந்து தராசடிக்குப் போனான்.

நிறுவை தடையில்லாமல் நடந்து சீக்கிரமே முடிந்திருந்தது. கங்காணி எல்லோரையும் மறுபடி கொழுந்து பறிக்க மலைக்கு விரட்டிக்கொண்டிருந்தார். யாருடைய முகத்திலும் சந்தோஷத்தைக் காணோம். கடைசியாக நின்ற மரியகொரட்டி என்ற பெண்ணின் கண்கள் கலங்கியிருந்தன. சரிவுக்குக் கீழே, வேலைக்கு வரும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வரும் பிள்ளைமடுவத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

“இனி காத்திட்டு நிக்கத் தேவல்லதானே அக்கா?” என்று கேட்டான்.

அவள் முந்தானையால் மார்பை மூடிக்கொண்டாள். ரவிக்கை நனைந்திருந்தது.

“நிறுவை முடிஞ்சுட்டா கங்காணி எங்கயும் விடமாட்டாருங்க சேர். அந்தோனி அண்ணன் தராசை நிப்பாட்டுற நேரத்துலதான் நாங்க ஓடிப்போய் புள்ளைங்களுக்குப் பால் குடுத்துட்டு வருவோம்.”